லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முன்பின் தெரியாதவர்களின் கமெண்டுக்கெல்லாம் பத்து நிமிடத்தில் பதில் போடுகிறவன், உனக்கு எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டானே என்று முணுமுணுத்திருப்பாய். நியாயம்தான். இங்கே வீடு மாற்றினோம். பெட்டிகளில் பாதியை இன்னும் பிரிக்கவில்லை. மகள் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. என் கண்ணாடியின் பவர் மறுபடி கூடிவிட்டது. நாள் முழுக்கப் போனைப் பார்ப்பதுதான் பிழைப்பு என்றால் வேறென்ன ஆகும்.

நீ வேலையை விட்டுவிட்டு நோட்டுப் புத்தகம் தைத்து விற்கக் கிளம்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பள்ளியிலேயே கிழிந்த நோட்டுகளுக்கெல்லாம் ஊசி நூல் போட்டுக்கொண்டிருந்தவன் நீ. கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஒரு வரிதான்: "ஆறு மாதமாகப் பதிவு போடுகிறேன். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. எங்கே தப்பு?" பதினோரு வருடமாக நிறுவனங்களின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு ராத்திரி உட்கார்ந்து உன் பக்கத்தை அடிவரைக்கும் பார்த்தேன். படங்கள் அழகாக இருக்கின்றன, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை வேறொரு இடத்தில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த லைக் கணக்கைப் பேசிவிடுவோம்.

பதிவை விளம்பரமாக்கிப் பலருக்குக் காட்டும் 'பூஸ்ட்' பொத்தானை நீ மூன்று முறை அழுத்திக் காசு கட்டியதாக எழுதியிருந்தாய். அப்போது உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கும்: இந்த விளம்பரத்தால் உனக்கு என்ன வேண்டும்? லைக்கும் கமெண்டுமா, மெசேஜா, உன் இணையதளத்துக்கு ஆட்களா? நீ முதலாவதைத் தேர்ந்தெடுத்திருப்பாய், அல்லது அது முன்கூட்டியே டிக் ஆகியிருந்ததை அப்படியே விட்டிருப்பாய். அந்த இயந்திரம் சொன்ன சொல் தட்டாதது. லைக் கேட்டால், எதைப் பார்த்தாலும் லைக் போடும் கை பழக்கம் உள்ளவர்களாகத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்கள் நோட்டு வாங்குகிறவர்களா என்பது அதன் கவலை இல்லை. கேட்டது கிடைத்தது, அவ்வளவுதான். அடுத்த முறை 'மெசேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார். லைக் குறையும், பயப்படாதே.

அங்கே நடப்பது ஏலம் என்பதையும் தெரிந்துகொள். ஒருவருடைய திரையில் காலியாக இருக்கும் ஒரு இடத்துக்குப் பல விளம்பரங்கள் போட்டி போடும். அதிகம் கேட்டவனுக்கே இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவதில்லை. நீ கட்டத் தயாராக இருக்கும் தொகை ஒரு பங்கு. பார்ப்பவர் நீ விரும்பும் காரியத்தைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்ற கணிப்பு இன்னொரு பங்கு. விளம்பரத்தின் தரமும் அதில் சேரும். அதனால் சரியான ஆளுக்குச் சரியாகப் பேசும் சின்ன விளம்பரம், கொழுத்த பட்ஜெட்காரனை முந்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

"எனக்கு ஆயிரத்துச் சொச்சம் ஃபாலோயர்கள் இருக்கிறார்களே, அவர்களாவது பார்க்க வேண்டாமா?" என்கிறாய். ஒரு காலத்தில் பார்த்தார்கள். ஃபேஸ்புக் 2007 நவம்பரில் நிறுவனங்களுக்கென்று பக்கங்களைத் திறந்தபோது எல்லோரும் ஓடிப்போய்க் குடியேறினோம். பிறகு கூட்டம் பெருகப் பெருக, யாருக்கு எதைக் காட்டுவது என்பதை அல்காரிதம், அதாவது அவர்களுடைய கணினி நிரல், கையில் எடுத்துக்கொண்டது. நேர வரிசையில் ஓடிக்கொண்டிருந்த இன்ஸ்டாகிராமும் 2016இல் அதை விட்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் தலைவர் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகவே அறிவித்தார்: நிறுவனங்களின் பதிவுகளை விட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை. பயனருக்கு அது நல்லதுதான். நம்மைப் போன்றவர்களுக்கோ, குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வாசல் கதவை மாற்றி வைத்தது போல. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சொந்தக்காரரான மெட்டா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருவாய் சுமார் 13,500 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 13,200 கோடி விளம்பரத்தில் வந்தது. இலவசமாக ஆள் காட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று நாம் எதிர்பார்த்ததுதான் வேடிக்கை.

ஃபாலோயர்களைக் காசுக்கு வாங்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். வேண்டாம். வாங்கிய கூட்டம் கை அசைக்காது. அது அசையாமல் இருப்பதைப் பார்த்து, இந்தப் பதிவில் யாருக்கும் ஆர்வம் இல்லை என்று அல்காரிதம் முடிவுகட்டிவிடும். போலி விமர்சனங்களையும் காசுக்கு வாங்கும் போலி ஃபாலோயர்களையும் தடைசெய்து அமெரிக்காவில் 2024இல் விதியே போட்டுவிட்டார்கள்.

எண்களை நம்பி மோசம்போவது உன்னைப் போன்ற புதியவர்கள் மட்டும் இல்லை. 2016இல் ஃபேஸ்புக்கே ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது. வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கிடும்போது, மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டுமே சேர்த்து வகுத்திருக்கிறார்கள். ஒரு விநாடியில் தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. அதனால் சராசரி கொழுத்துத் தெரிந்தது, அதுவும் இரண்டு வருடமாக. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் நிலவிய அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை வைத்துத்தானே வாராவாரம் பெரிய பெரிய வரைபடமாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம்!

அப்புறம், ட்ரெண்டிங். 'தினமும் எது ஓடுகிறதோ அதில் நாமும் ஏறிவிட வேண்டும்' என்று உன் மருமகன் சொன்னதாக எழுதியிருந்தாய். இந்த ஆசையை ஊருக்கெல்லாம் ஏற்றிவிட்டது ஓரியோ பிஸ்கட் நிறுவனம். 2013இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் 34 நிமிடம் மின்சாரம் போனது. அந்த இருட்டு தீர்வதற்குள், இருட்டிலும் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடலாமே என்கிற பொருளில் ட்விட்டரில் ஒரு படம் போட்டார்கள். உலகமே அந்தச் சமயோசிதத்தைப் பாராட்டியது. ஆனால் சரி என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரும் அன்று ஒரே அறையில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறந்துவிடாதே. மறுவருடம் டிஜியார்னோ என்ற பீட்சா நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ட்ரெண்டிங்கில் இருந்த ஒரு ஹேஷ்டேகை எடுத்து விளையாட்டாக ஒரு வரி போட்டது. அந்த ஹேஷ்டேகின் கீழே பெண்கள், தங்களை அடித்த துணைவரோடு ஏன் இருந்தோம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். உடனே பதிவை நீக்கி, கோபப்பட்டவர்களுக்கு ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. மருமகனிடம் சொல், ஏறுவதற்கு முன் வண்டி எங்கே போகிறது என்று பார்க்கட்டும்.

சரி, இப்போது கமெண்டுகளுக்கு வருகிறேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது ஒரு அவமானம். முன்பு நான் இருந்த ஓரிடத்தில், ஒரு வாடிக்கையாளர் வாங்கிய பையின் ஜிப் இரண்டாம் நாளே போய்விட்டது என்று பதிவின் கீழே எழுதினார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். முதலாளி அதைத் தூக்கு என்றார், நானும் தூக்கிவிட்டேன். மறுநாள் காலை அவர் திரும்பி வந்தார், நீக்கிய கமெண்டின் ஸ்கிரீன்ஷாட்டோடு. முந்தைய நாள் ஒரு ஜிப்பைப் பற்றிய பேச்சாக இருந்தது, இப்போது எங்கள் நாணயத்தைப் பற்றிய பேச்சாகிவிட்டது. அதுவரை வாயே திறக்காதவர்களெல்லாம் வரிசையாக வந்து தங்கள் ஜிப், தையல், வார் கதைகளைக் கொட்டினார்கள். மூன்று நாள் தூங்கவில்லை. கடைசியில் நான் அவருக்குப் போன் செய்து, நீக்கியது நான்தான் என்று சொல்லி, பையை மாற்றிக் கொடுத்து, அதே பதிவின் கீழே தப்பு எங்களுடையது என்று எழுதினேன். அந்த மனிதர் அதன் பிறகு எங்களிடம் இன்னும் நான்கு பை வாங்கினார். நான்கு என்பது உறுதி, பார்சலில் முகவரி எழுதியது நான்.

புகாருக்குப் பொதுவில் எழுதும் பதிலைப் புகார் சொன்னவர் மட்டும் படிப்பதில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற பத்துப் பேர் படிக்கிறார்கள். நெதர்லாந்தின் கே.எல்.எம். விமான நிறுவனம் 2010இல் இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டது. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவ, ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோயின. தொலைபேசியில் யாரையும் பிடிக்க முடியாத பயணிகள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் கேள்விகளைக் கொட்டினார்கள். அந்த நிறுவனம் கிடைத்த ஊழியர்களையெல்லாம் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்லவைத்தது. சாம்பல் அடங்கிய பிறகும் அந்த வேலை நிற்கவில்லை, சமூக ஊடகச் சேவைக்கென்றே தனிக் குழு உருவானது. அந்த நாட்களில் அவர்கள் பதிவை அழகாக எழுதியதாக யாரும் சொல்லவில்லை. கேட்டவனுக்குப் பதில் கிடைத்தது.

இதை உனக்கு இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. நீலத் துணி அட்டை போட்ட நோட்டின் படம் ஒன்று போட்டிருக்கிறாய் அல்லவா? அதன் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "மைப் பேனாவால் எழுதினால் மறுபக்கம் தெரியுமா?" நீ அதற்கு ஒரு இதயப் பொம்மை போட்டிருக்கிறாய். இன்னொருவர் அதே கேள்வியை வேறொரு படத்தின் கீழே கேட்டிருக்கிறார், அவருக்குக் கைகூப்பும் பொம்மை. மூன்றாவது ஆள், கோடு போட்ட தாள் உண்டா என்று கேட்டு இரண்டு மாதமாக நிற்கிறார். டேய், இவர்கள் கையில் பர்ஸோடு வந்தவர்கள்! நூறு லைக்குக்கு நடுவே இந்த மூன்று பேர்தான் வாடிக்கையாளர்கள். கடை வாசலில் ஒருவர் நின்று இதைக் கேட்டிருந்தால் கைகூப்பிவிட்டு உள்ளே போயிருப்பாயா?

ஆகவே புதுப் பதிவு எதுவும் போடாமல் இந்த வாரம் பழைய கேள்விகளுக்குப் பதில் எழுது. மையைப் பற்றி வார்த்தையால் சொல்லாதே. அந்தத் தாளில் நான்கு விதமான பேனாவால் எழுதி, தாளைத் திருப்பிக் காட்டி அரை நிமிட வீடியோ எடு. கொஞ்சம் ஊறினால் ஊறுவதையும் காட்டு. பின்னணி இசை வேண்டாம். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்றால், கேட்காமல் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

வாங்கியவர்களின் எண்களை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, தனியாக எழுதி வை. வாட்ஸ்அப் பிசினஸில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் உன் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும், அதையும் அவர்களிடம் சொல்லிவிடு. மாதம் ஒரு முறைக்கு மேல் அனுப்பாதே. கேட்காதவனுக்கு அடிக்கடி 'குட் மார்னிங்' அனுப்பினால் என்ன ஆகும் என்பது நம் பள்ளிக் குழுவிலேயே தெரிந்த கதை.

ஃபாலோயர் கூட்டம் வைத்துக்கொண்டு பொருட்களைப் பரிந்துரைக்கும் இன்ஃப்ளுயன்சர்களிடம் போவது இப்போதைக்கு வேண்டாம். நோட்டை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தினமும் கையால் எழுதுகிற, சின்னக் கூட்டம் உள்ள ஒருவருக்குக் கொடு. இலவசமாக வாங்கியதாக அவர் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

எனக்கே சில சமயம் இந்த வேலை அலுத்துவிடுகிறது. லஷ் என்ற அழகுசாதன நிறுவனம் 2021 நவம்பரில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் எல்லாவற்றிலிருந்தும் விலகியது, இளைஞர்களின் மனநலத்தைக் காரணமாகச் சொல்லி. அதைப் படித்தபோது சிரித்தேன். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு யாரோ ஒருவரின் கேள்விக்குப் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வரவில்லை. நீயாவது பதில் சொல்லும் நேரம் இது என்று பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கு.

வீடு மாற்றும்போது, நாம் பள்ளி முடித்த அன்று நீ கொடுத்த மைப் பேனா பெட்டிக்குள் கிடைத்தது. முள்ளைக் கழுவி மை ஊற்றினேன், எழுதுகிறது. இந்தக் கடிதத்தை அதால்தான் எழுதுகிறேன், என் தாளில் மறுபக்கம் தெரிகிறது பார். நீல அட்டை நோட்டு இரண்டு அனுப்பு, காசு வாங்கிக்கொள்ள வேண்டும். மை ஊறுமா என்று முதலில் சொல்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சு நண்பன்