நல்ல கண்ணிலும் கிருமி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் மெட்ராஸ் ஐ பற்றிய கட்டுரை படித்தேன். கையைக் கழுவுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள் என்றதெல்லாம் சரி. ஆனால் 'ஆரோக்கியமான கண்ணில் கிருமிக்கே இடமில்லை' என்றும் ஒரு வரி இருந்தது. கண் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கண்புரை அறுவைக்கு வருகிறவர்களுக்கு அப்போதெல்லாம் கண்ணில் ஸ்வாப் எடுத்து அனுப்புவார்கள். கீழிமையை இழுத்துப் பிடித்து, பஞ்சுக் குச்சியால் உள்பக்கம் ஒரு தடவு, அவ்வளவுதான். அதைக் கிருமி வளர்க்கும் ரத்த அகார் தட்டில் கோடிழுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போவோம். மறுநாள் காலை எடுத்தால், சிவப்புத் தட்டில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சிவப்போ பீளையோ இல்லாத நல்ல கண்ணிலிருந்து வந்தவைதான். கிருமியை அடையாளம் காண உதவும் 'கிராம்' சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக ஸ்டெபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கலந்து வைப்போம், உறையாது. 'கோயாகுலேஸ் நெகட்டிவ்', அதாவது உறையவைக்காத வகை, என்று ரிப்போர்ட் எழுதுவோம். பெரும்பாலும் எபிடெர்மிடிஸ் வகைதான். சிலருக்குக் கொரினிபாக்டீரியம் என்ற வேறொரு பாக்டீரியா வரும். முகப்பரு என்றதும் பெயர் அடிபடுகிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸும் கண்ணில் உண்டு, ஆனால் காற்றுப்படாமல் பல நாள் வைத்தால்தான் தலைகாட்டும். ஒன்றுமே வளராத தட்டுகளும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குடலோடும் தோலோடும் ஒப்பிட்டால் கண்ணில் இவை மிகக் குறைவு. இமைக்கும்போதெல்லாம் கண் துடைபடுகிறது, கண்ணீரிலோ லைசோசைம், லாக்டோஃபெரின் என்று கிருமிக்கு ஆகாத சரக்கெல்லாம் இருக்கிறது. பெனிசிலினுக்கு முன்பே, 1922இல், லைசோசைம் பற்றி எழுதியவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டுமென்று ஆய்வகத்தில் இருந்தவர்களின் கண்ணில் எலுமிச்சையைப் பிழிந்து அழவைத்த மனிதர். (வெங்காயம் கொடுத்து உரிக்கச் சொல்லியிருக்கலாம்.) இத்தனையையும் தாங்கிக்கொண்டு இருப்பவைதான் நான் சொன்ன கிருமிகள்.

இவற்றால் நன்மை உண்டா? அமெரிக்கத் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தில் ரேச்சல் காஸ்பியின் குழு 2017இல் எலிகளிடம் ஒன்றைக் காட்டியது. கண்ணில் இருக்கும் ஒருவகைக் கொரினிபாக்டீரியம் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிட்டு, கேண்டிடா பூஞ்சை, சூடோமோனாஸ் பாக்டீரியா போன்றவை கால் ஊன்றாமல் பார்த்துக்கொள்கிறதாம். எலிக்கு உள்ளது அப்படியே நமக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்டபடி அழிக்க வேண்டிய குப்பை இல்லை என்பது மட்டும் புரிகிறது.

என் கவலை சொட்டு மருந்து பற்றியது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் போய் 'கண்ணு சிவந்திருக்கு' என்றால் போதும், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு சீட்டில்லாமலே கைக்கு வந்துவிடுகிறது. சில இடங்களில் ஸ்டீராய்டு கலந்ததையே கொடுக்கிறார்கள், அது வேறு ஆபத்து. வைரஸ் தன்பாட்டுக்கு வந்து போகும். மருந்து விழுவது அங்கேயே குடியிருக்கும் எபிடெர்மிடிஸ் மேல். கண்ணுக்குள் அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் சொட்டும் விட்டுக்கொண்ட நோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ணிலிருந்த கிருமிகள் அந்த மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறியிருந்தன.

மாறினால் என்ன என்று கேட்கலாம். கண்புரை அறுவைக்குப் பிறகு அபூர்வமாகக் கண்ணுக்குள் சீழ் பிடிக்கும். அதற்குக் காரணமான கிருமி பல சமயம் வெளியிலிருந்து வருவதில்லை, நோயாளியின் சொந்த இமையிலும் கண்ணிலும் இருந்ததுதான். அதனால்தான் அறுவைக்கு முன் 5 சதவீத பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விடுகிறார்கள். எரிகிறது என்று சண்டைக்கு வருபவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனைக் குழுமம் 6 லட்சம் அறுவைகளைப் பார்த்து 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தியவர்களிடம் இந்தச் சீழ் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்திருந்தது. கடையில் சீட்டில்லாமல் வாங்கி வீணாக்குகிறோமே, அதே மருந்துதான்!

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள். அப்புறம், கண் எப்படிச் சிவந்தால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது என்று ஒரு கண் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் போடுங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் பொட்டு, இவற்றில் எது இருந்தாலும் கடைக்குப் போகாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களும், அறுப்பு நேரத்தில் கண்ணில் நெல் பட்டவர்களும் இதில் முக்கியம். நெல் பட்ட கண்ணில் வருவது பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம், அதில் ஸ்டீராய்டு விட்டால் கண்ணே போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திண்டுக்கல்