முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

நாலு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி? பரோட்டாவை நிறுத்தச் சொன்னதற்காக டாக்டரையே மாற்றிய ஆள் நீ, உனக்கு நான் என்ன சொல்ல?

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 86 வயது. போன ஞாயிறு அவர் வீட்டில் 'அகெய்ன்ஸ்ட் த லா' பார்த்தோம். 2017-இல் பிபிசியில் வந்தது. ஆண்களோடு உறவு கொண்டதற்காகப் பீட்டர் வைல்ட்பிளட் என்ற பத்திரிகையாளருக்கு இங்கிலாந்தில் 1954-இல் 18 மாத ஜெயில் கொடுத்த கதை. பாதி நாடகம். நடுநடுவே அந்தக் காலத்தில் வாழ்ந்த நிஜமான கிழவர்கள் வந்து உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். என்னை உலுக்கியது அவர்கள்தான்.

படம் தொடங்குமுன் பெரியவர் எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார். டிவி சத்தத்தையும் குறைத்தார். அவருக்கே காது சரியாகக் கேட்காது! ஏன் என்றேன். "பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்றார். சட்டம் மாறி 50 வருடத்துக்கு மேல் ஆகிறது, முருகேசா. கை இன்னும் தானாகத் திரைச்சீலைக்குப் போகிறது.

ஆண்களுக்குள் உறவு குற்றமில்லை என்ற 1967 சட்டத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அதிலும் நிபந்தனைகள்: 21 வயது ஆகியிருக்க வேண்டும், கதவைச் சாத்தியிருக்க வேண்டும், மூன்றாவது ஆள் இருந்தால் குற்றம். அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். வட அயர்லாந்து 1982 வரை காத்திருந்தது. 1983 கருத்துக்கணிப்பில் 'இதில் தப்பே இல்லை' என்றவர்கள் 17 சதவீதம். எய்ட்ஸ் பயம் வந்ததும், 1987-இல் அது 11 ஆகிவிட்டது. மறுவருடமே பிரிவு 28 என்று ஒரு சட்டம், உள்ளாட்சிகள் இதை ஊக்குவிக்கக் கூடாது என்று. 2016-இல் 64 சதவீதம் ஆனது என்று நான் சொன்னேன். பெரியவர் அந்த 11-ஐ விட மாட்டேன் என்கிறார். "ஒரு தடவை இறங்கியதை நான் பார்த்தேனே" என்கிறார். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. செல்வம் ஞாபகமாகவே இருந்தது. மொட்டைமாடியில் நாம் அவனுக்கு வைத்த அந்தக் கேலிப் பெயரும். மூன்றாம் வருடம் பாதியில் அவன் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியபோது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தேனியில் மெடிக்கல் வைத்திருந்த அவன் அண்ணனிடம் விசாரித்து, செல்வத்தின் நம்பரை அனுப்பு. நான் பேச வேண்டும்.

கமலாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு