பாசி டீசலும் வீணாகும் வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்மாய்ப் பாசியிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்னும் பேச்சு மதுரையில் அவ்வப்போது எழுகிறது. 2000-களில் காட்டாமணக்குக்கும் இதே உற்சாகத்தோடுதான் மாலை சூட்டினோம் என்பதால், இம்முறை கணக்கை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

தன்மேல் விழும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 10 சதவீதத்தைப் பாசி உயிர்ப்பொருளாக மாற்றலாம் என்பது கோட்பாட்டளவிலான உச்சம். திறந்தவெளித் தொட்டிகளில் கிடைப்பதோ பெரும்பாலும் 3 சதவீதத்துக்கும் குறைவு. வண்டியூர்க் கண்மாயில் பச்சை படர்ந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தால் காரணம் ஓரளவு புரியும்: மணிக்கட்டு நனைவதற்குள் விரல்கள் மறைந்துவிடும். மேலே மிதக்கும் செல்கள் தம்மால் பயன்படுத்த முடிந்ததைவிட மிக அதிகமான ஒளியை வாங்கி, மிகுதியை வெப்பமாக வெளியேற்றிவிடுகின்றன. கீழே உள்ளவை ஒளியின்றி, சேமித்ததையும் சுவாசித்தே தீர்க்கின்றன. பந்தியில் முன்வரிசைக்காரர் இலை நிறைய வாங்கி வீணாக்க, கடைசி வரிசைக்குச் சோறு எட்டாத கதைதான்.

ஒளி வாங்கும் பச்சையத் திரளையே மரபணு மாற்றத்தால் சிறிதாக்கிய, கிளாமிடோமோனாஸ் என்னும் ஒருசெல் பச்சைப்பாசியின் வகை ஒன்றை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அனஸ்டாசியோஸ் மெலிஸ் குழுவினர் 20 ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கினர். வெளிர்பச்சையான இந்தப் பாசி தனிச் செல்லாகப் பார்த்தால் நோஞ்சான். அடர்த்தியாக வளர்க்கும்போதுதான், ஒளி ஆழத்துக்கு இறங்குவதால், மொத்த விளைச்சலில் முந்துகிறது. ஆனால், திறந்த தொட்டியில் காற்றோடு வந்து விழும் காட்டுப் பாசி அதிக ஒளியைப் பறித்துக்கொண்டு இதை ஒடுக்கிவிடக்கூடும். நைட்ரஜன் பற்றாக்குறையில்தான் பாசி எண்ணெயை அதிகம் சேமிக்கும்; ஆனால், எண்ணெய் சேரட்டும் என்று நைட்ரஜனைக் குறைத்தாலோ வளர்ச்சியே தேங்கிவிடும். 2009-இல் பெரும் முதலீட்டு அறிவிப்போடு இத்துறையில் இறங்கிய அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபிலே 2023-இல் விலகிக்கொண்டது.

ஆகவே கண்மாய்களில் கைவைக்க வேண்டியதில்லை. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பாசிக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அங்கே காசில்லாமல் கிடைக்கும். மரபணு மாற்றிய வகையைத் திறந்தவெளியில் வளர்க்க மத்திய அரசின் ஒப்புதல் தேவை என்பதால், உள்ளூர்ப் பாசியைக் கொண்டே தொடங்கலாம். மாநகராட்சியும் மதுரை காமராசர் பல்கலைக்கழக உயிரியல் துறையினரும் இணைந்து, சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் உட்பட ஓராண்டு முழுவதும் சில தொட்டிகளை நடத்தி, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் உலர்ந்த பாசி கிடைத்தது, நீரைக் கலக்கவும் பாசியைப் பிரித்தெடுக்கவும் எவ்வளவு மின்சாரம் செலவானது என்னும் இரண்டு கணக்குகளையும் மாதந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.