58 ஆம் பிரிவை எடுங்கோ: இங்கிலாந்து கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் இதை வாசிக்கப்போறதில்லை எண்டு எனக்கு வடிவாத் தெரியும். உங்கட ஒஃபிஸில தமிழ் தெரிஞ்ச ஆரும் இருந்தா வாசிச்சுச் சொல்லட்டும், இல்லாட்டி இங்க இருக்கிற எங்கட சனமாவது வாசிக்கட்டும், அவையளுக்கும் இதில பங்கு இருக்கு, அதுக்குப் பேந்து வாறன்.

2004 சிறுவர் சட்டத்தின்ர 58 ஆம் பிரிவு என்ன எண்டு உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட சனத்துக்காகச் சொல்லுறன், பிள்ளைக்கு அடிச்ச தாய் தகப்பன், காயம் சின்னனா இருந்தா "நியாயமான தண்டனை" எண்டு சொல்லித் தப்ப இடம் விடுற பிரிவு அது. சிறுவர் நலன், பாடசாலைகள் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தநேரம் உங்கட கட்சி எம்பி ஒராளே அந்தப் பிரிவை எடுக்கச்சொல்லித் திருத்தம் குடுத்தவா. அதுக்கு அரசாங்கத்தின்ர பதில், வேல்ஸில இருந்து வாற தகவலைப் பாத்திட்டு யோசிப்பம் எண்டது. வேல்ஸ் 2022 மார்ச் 21 இல இருந்து பிள்ளையளுக்கு அடிக்கிறதை முழுசா நிப்பாட்டிப்போட்டுது. ஸ்கொட்லாந்து அதுக்கும் முதல், 2020 நவம்பர். ரெண்டு நாட்டிலயும் வானம் இடிஞ்சு விழேல்ல. நீங்கள் இன்னும் என்னத்தைப் பாக்கப்போறியள் எண்டு எனக்கு உண்மையா விளங்கேல்ல.

நான் லண்டனுக்கு வெளிப்பக்கமா ஒரு பிரைமரி ஸ்கூலில ரீச்சிங் அசிஸ்ரன்ற். எந்த ஸ்கூல், எந்தப் பிள்ளை எண்டு சொல்லமாட்டன், சொல்லவும் கூடாது. கிட்டடியில ஒரு திங்கக்கிழமை பீ.ஈ. எண்ட விளையாட்டுப் பாடத்துக்கு உடுப்பு மாத்தேக்க ஒரு பிள்ளை ஜம்பரைக் கழட்டமாட்டன் எண்டு நிண்டது. தலைக்கு மேலால இழுக்கேக்க காதில முட்டுமாம். நான் துருவிக் கேக்கேல்ல, ட்ரெயினிங்கில அப்பிடித்தான் சொல்லித்தந்தவை, பிள்ளை தானாச் சொன்னாக் கேக்கவேணும், நாங்கள் வாயில சொல்லை வைக்கக்கூடாது எண்டு. அது தானாத்தான் சொன்னது. ஹோம்வேர்க் செய்யேல்ல எண்டு அப்பா தலையில குட்டினவராம், அழ அழக் காதோட சேத்து அறைஞ்சவராம்.

இப்பிடி ஒண்டு நடந்தா நாங்கள் ஒரு ஃபோம் நிரப்பவேணும், உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் ஒண்டு, பின்பக்கம் ஒண்டு எண்டு ஒரு பிள்ளையின்ர கோட்டுப்படம் இருக்கும், கண் மூக்கு ஒண்டும் இராது. எங்க பட்டது எண்டு பேனையால புள்ளடி போட்டு, பக்கத்தில அளவு எழுதி, நிறம் எழுதவேணும். நிறம் எண்ட இடத்திலதான் என்ர பேனை நிண்டது. ஏனெண்டால் அந்தப் பிள்ளை எங்கட நிறம். நான் ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் வெளிச்சத்தில பாத்தன், பிள்ளை தன்ர கையாலயே காதுக்குப் பின்னால தொட்டுக் காட்டுது, தொட்டவுடன முகத்தைச் சுளிக்குது, எனக்கு அங்க ஒண்டுமே தெரியேல்ல. குட்டு விழுந்த இடம் தலைமயிருக்குள்ள. கோட்டுப்படத்தில தலைமயிரே இல்லை. கடைசியா நான் எழுதினது, நிறமாற்றம் தெரியவில்லை எண்டு. பொய் எழுதேலாதே.

எங்கட சேஃப்கார்டிங் லீட், பிள்ளையளின்ர பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள், நல்ல மனுசி, அந்த இடத்திலயே போனை எடுத்து சோஷல் சேவிஸோட கதைச்சவா. பின்னேரம் பதில் வந்தது. காயம் இல்லை, பெற்றோரோட ஸ்கூலே கதைக்கட்டும் எண்டு. அவையளிலயும் நான் பிழை சொல்லமாட்டன், தலைக்கு மேல கேஸ், ஆக்கள் காணாது, கையில இருக்கிற சட்டம் இதுதான்.

அடுத்தநாள் அந்தப் பிள்ளை என்னட்டக் கேட்ட கேள்விக்காகத்தான் நான் இதை எழுதுறன். "மிஸ், அப்பா அப்பிடிச் செய்யலாமோ?"

என்னைப்போல ஒருத்தி வேல்ஸின்ர கார்டிஃபில வேலை செய்யிறாள் எண்டு வையுங்கோ, கழுத்தில இதே அட்டை, இதே சம்பளம், அவளிட்ட ஒரு பிள்ளை இப்பிடிக் கேட்டா "இல்லையப்பு, செய்யேலாது, சட்டம் விடாது" எண்டு ஒரு மூச்சில சொல்லிப்போடுவாள். கிளாஸ்கோவிலயும் சொல்லலாம், அயர்லாந்தின்ர டப்ளினில 2015 இல இருந்து சொல்லலாம். இங்கிலாந்தில எனக்கு இருக்கிற நேர்மையான பதில் என்ன தெரியுமோ, "அது உனக்கு எவ்வளவு சிவந்ததெண்டதைப் பொறுத்தது." ஏழு எட்டு வயசுப் பிள்ளையிட்ட இதைச் சொல்லேலுமோ? "உனக்கு நொந்ததை என்னட்டச் சொன்னது நல்லது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்திட்டன். பிள்ளை கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை எண்டு பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

இது நானாப் புனைஞ்ச கதை இல்லை. அடி சின்னக் காயத்துக்கு மேல போனா "நியாயமான தண்டனை" எண்டு சாட்டுச் சொல்லேலாது எண்டு 58 ஆம் பிரிவு சொல்லுது, சரி, நல்லது. எது சின்னன்? அரச தரப்பு வழக்கறிஞர்களுக்குக் குடுத்த வழிகாட்டலில இருந்த அளவு, கொஞ்சநேரம் தோல் சிவந்து போறதுக்கு மேல போகாட்டி எண்டது. இதை எழுதின ஆக்கள் ஆற்ற தோலை நினைச்சு எழுதினவை? எங்கட பிள்ளையளின்ர தோல் உங்கட பிள்ளையளின்ர தோல் மாதிரிச் சிவக்காது. கண்டல் காயமே கறுத்தத் தோலில பிடிபடுறது கஷ்டம் எண்டு எந்த நேர்ஸைக் கேட்டாலும் சொல்லுவா. அதோட எங்கட அடிக்குமுறை வேற. குட்டுவினம், நுள்ளுவினம், காதை முறுக்குவினம், முட்டுக்காலில இருத்துவினம். இதில எதுக்கு நிறம் எழுதுறது? அப்ப மற்றப் பிள்ளையளுக்கு இந்தச் சட்டத்தில இருக்கிற பாதுகாப்புக்கூட எங்கட பிள்ளையளுக்கு இல்லை. அதனாலதான் கேக்கிறன், அந்தப் பிரிவை எடுங்கோ. திருத்தாதேங்கோ, அளவை மாத்தாதேங்கோ, எடுங்கோ.

இந்த "நியாயமான" எண்டது எங்க இருந்து வந்தது எண்டு உங்கட சட்ட ஆலோசகர்மாருக்கு நல்லாத் தெரியும். 1860, ஈஸ்ற்போர்ன். தோமஸ் ஹொப்லி எண்ட வாத்தியார், படிப்பு ஏறாத 15 வயசுப் பெடியனை, தகப்பனிட்டக் கடிதத்தில அனுமதி வாங்கிப்போட்டு, கயிறாலயும் தடியாலயும் இரவில அடிச்சுச் சாகடிச்சுப்போட்டார். காயம் தெரியாமல் இருக்க உடம்புக்கு நீளக் காலுறையும் கையுறையும் போட்டுவிட்டவர். அந்த வழக்கிலதான் நீதிபதி கொக்பேர்ன், அளவா நியாயமா அடிக்கிறதுக்குத் தகப்பனுக்கும் வாத்தியாருக்கும் உரிமை இருக்கு எண்டு சொன்னவர். வாத்தியாருக்கு நாலு வருசம் மறியல். வாத்தியார்மாரிட்ட இருந்த அந்த உரிமையை அரச பாடசாலைகளில 1987 இல பறிச்சாச்சு, தனியார் பாடசாலைகளில 1999 இல. வீட்டில மட்டும் விக்டோரியா ராணி இன்னும் ஆட்சி செய்யிறா.

1998 இல ஸ்ட்ராஸ்பேர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில நீங்கள் தோத்த வழக்கும் இதே கதைதான். மாற்றாந் தகப்பன் தோட்டத்துத் தடியால அடிச்ச ஒரு பெடியன், இங்க ஜூரி "நியாயமான தண்டனை" எண்டு தகப்பனை விட்டுப்போட்டுது, ஸ்ட்ராஸ்பேர்க்கில பெடியன் வெண்டான். அதுக்குப் பிறகு கொண்டுவந்த ஒட்டுத்தான் இந்த 58. ஐநா சிறுவர் உரிமைக் குழுவும் 1995 இல இருந்து 2023 வரை ஒவ்வொருமுறையும் இதை எடுக்கச் சொல்லுது. அந்தச் சிறுவர் உரிமை ஒப்பந்தத்தை 1991 இல உறுதிப்படுத்தினது நீங்கள்தானே.

வோக்கிங்கில சாரா ஷெரீபுக்கு நடந்ததை எழுத எனக்குக் கை வருகுதில்லை, ஆனா ஒண்டு சொல்லவேணும். 10 வயசு. 2023 ஓகஸ்ட். தகப்பன் பாகிஸ்தானுக்கு ஓடிப்போய் அங்க இருந்து பொலிசுக்கு போன் எடுத்து, தான் மகளைச் சட்டப்படி தண்டிச்சதாச் சொன்னவர். அந்தப் பிள்ளை செத்ததுக்கு 58 ஆம் பிரிவு காரணம் எண்டு நான் சொல்ல வரேல்ல. அது கொலை, தீர்ப்பும் கொலை எண்டுதான் வந்தது. ஆனா அந்த மனுசனுக்கு வாயில "சட்டப்படி" எண்ட சொல் வந்ததெல்லோ, அது எங்க இருந்து வந்தது? அதுக்குப் பிறகு சிறுவர் ஆணையாளரே வெளிப்படையாச் சொன்னவா, அடிச்ச ஆளுக்குச் சட்டம் குடுக்கிற இந்தப் பாதுகாப்பை எடுங்கோ எண்டு. பிள்ளை வைத்தியர்மாரின்ர ரோயல் கொலிஜ் 2024 இல அறிக்கையே விட்டது. பேந்து பிரதமரா வந்த கெயர் ஸ்டார்மர், எதிர்க்கட்சித் தலைவரா இருந்த 2022 இல வேல்ஸ் செய்தது சரி, இங்கயும் வேணும் எண்டவர். எதிர்க்கட்சியில இருக்கேக்க எல்லாருக்கும் பிள்ளையளில இரக்கம் பொங்கும், கதிரையில ஏறினவுடன தகவல் காணாமப்போயிடும்.

சரி, இந்த நாட்டில இரக்கம் இல்லையெண்டும் சொல்லேலாது. மிருகவதைக்கு எதிரா இங்க சங்கம் துவங்கினது 1824. பிள்ளையளுக்கு லண்டனில சங்கம் வர 1884 ஆச்சு. அறுபது வருசம் குதிரைக்குப் பின்னால நிண்டிருக்கினம் பிள்ளையள். இண்டைக்கும் பக்கத்து வீட்டுக்காரனை நான் கன்னத்தில அறைஞ்சா அது தாக்குதல், அவனுக்குச் சிவந்ததோ எண்டு பொலிஸ் கேக்காது. மறியலில இருக்கிற ஆளைக்கூடத் தண்டனையா ஒருத்தரும் அடிக்கேலாது. என்ர வயசுக்கு, என்ர உயரத்துக்கு எனக்கு முழுப் பாதுகாப்பு, என்ர இடுப்பளவு நிக்கிற ஆளுக்குத்தான் "நியாயமான அளவு".

கோவத்தில கதைக்கிறன், மன்னிக்கவேணும்.

சுவீடன் 1979 இலயே நிப்பாட்டிப்போட்டுது, உலகத்தில முதல் நாடு. சட்டத்தை எழுதி அலுமாரிக்குள்ள வைக்கேல்ல, பால் பெட்டியில அச்சடிச்சு வீடு வீடாப் போகவிட்டவை, காலமைச் சாப்பாட்டு மேசையில தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒண்டா வாசிக்கிற மாதிரி. எனக்கு இந்த ஒரு விசயம்தான் பெரிய சட்டப் புத்தகங்களை விடப் பிடிச்சது. பிள்ளையும் வாசிச்சிருக்கும் எல்லோ. என்னட்ட வந்து கேக்கவேண்டிய தேவையே அந்தப் பிள்ளைக்கு வந்திராது. நோர்வே 1987, ஜேர்மனி 2000, பிரான்ஸ் 2019. ஐரோப்பாவில 30 நாடுகளுக்கு மேல முடிச்சாச்சு. நீங்கள் இன்னும் தகவல் சேக்கிறியள்.

இப்ப எங்கட சனத்துக்கு. அமைச்சர் அவர்கள் கொஞ்சம் பொறுங்கோ, இது வீட்டுக் கதை.

நான் இப்பிடி எழுதினா முதல் அடி எங்கட வாட்ஸப் குறூப்பில இருந்துதான் வரும். "அடியாத மாடு படியாது", "நாங்கள் அடி வாங்கித்தானே ஆளாகினாங்கள்", "நோர்வேயில பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டு போறாங்கள், இங்கயும் அதைக் கொண்டுவரப்போறியோ". அக்காமார், அண்ணாமார், பயம் எனக்கு விளங்குது. விசா, வேலை, ரெண்டு ஷிஃப்ட், மொழி, இதுக்கிடையில பிள்ளை சொல்வழி கேளாட்டி கை தானா எழும்புது. ஆனா வேல்ஸில சின்ன அடிக்கு உடன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகேல்ல, அடிக்காமல் எப்பிடி வளர்க்கிறது எண்டு சொல்லித்தாற வகுப்புக்குப் பெற்றோரை அனுப்ப அங்க ஏற்பாடு செய்திருக்கினம். இன்னொண்டு, லண்டனில இருந்து கார்டிஃப் சொந்தக்காரர் வீட்டுக்குச் சாமத்தியவீட்டுக்குப் போறனீங்கள், செவேர்ன் பாலம் தாண்டி வேல்ஸுக்குள்ள போனவுடன அந்தச் சட்டம் உங்களுக்கும்தான், வந்துபோற ஆக்களுக்கும்தான். பாலத்துக்கு இங்கால அடிக்கலாம் அங்கால அடிக்கேலாது எண்டால், காருக்குப் பின்சீற்றில இருக்கிற பிள்ளை என்னத்தை விளங்கிக்கொள்ளும்? ஊரில வாத்தியாரிட்ட வாங்கின அடியைப் பகிடியாச் சொல்லிச் சிரிக்கிறம், சரி, அந்த வாத்தியாரிட்ட அண்டைக்கு நாங்கள் ஒரு சந்தேகம் கேட்டிருப்பமோ? அதையும் ஒருக்கா யோசியுங்கோ.

அமைச்சர் அவர்களே, திரும்ப உங்களிட்ட வாறன்.

நான் கேக்கிறது புது இலாகா இல்லை, கோடிக்கணக்கில காசு இல்லை. ஏற்கெனவே இருக்கிற தாக்குதல் சட்டம் பிள்ளைக்கும் பொருந்தட்டும் எண்டு மட்டும்தான். அதுக்கு 58 ஆம் பிரிவை எடுத்து, "நியாயமான தண்டனை" எண்ட சாட்டுக்கும் முடிவு கட்டினாக் காணும். வட அயர்லாந்திலயும் இதே நிலைமைதான், அவையளோடயும் கதையுங்கோ. எடுத்த பிறகு, பிள்ளை பிறந்தவுடன தாய்மாருக்குக் குடுக்கிற அந்த ரெட் புக்கில ஒரு பக்கம் அடியுங்கோ, தமிழிலயும் பஞ்சாபியிலயும் போலிஷிலயும் சோமாலியிலயும் அடியுங்கோ. பால் பெட்டியில அடிச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஸ்கூல் ஃபோமில நிறம் எழுதுற இடத்தில, கறுத்தத் தோலில என்னத்தைப் பாக்கவேணும் எண்டு எங்களைப்போல ஆக்களுக்கு ஒழுங்கான ட்ரெயினிங் தாங்கோ, இதுக்குச் சட்டம்கூடத் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

வேல்ஸின்ர தகவலைப் பாத்துத்தான் செய்வம் எண்டால் அதையும் பாருங்கோ, ஆனா எந்தத் திகதிக்குள்ள முடிவு சொல்லுவியள் எண்டதையாவது சொல்லுங்கோ. தயவுசெய்து கேட்டுக்கொள்ளுறன்.

பதில் இங்கிலிஷில அனுப்பலாம், வாசிப்பன். "உங்கள் கருத்துக்கு நன்றி, பிள்ளைகளின் பாதுகாப்பு எங்களுக்கு மிக முக்கியம்" எண்டு துவங்கிற அந்த ரெடிமேட் கடிதம் மட்டும் வேண்டாம், அது என்னட்ட ஏற்கெனவே இருக்கு.

இப்படிக்கு,
ஒரு பிரைமரி ஸ்கூல் ரீச்சிங் அசிஸ்ரன்ற்