நாலு நிமிடக் கணக்கு

லிவர்பூல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அத்தை, சின்னவன் எல்லோரும் நலம்தானே? அத்தையின் வளையலைக் காணோம், கொத்தனார் மகன்மேல்தான் சந்தேகம் என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாதது தப்புதான்.

குளிர் பரவாயில்லை. ஹீட்டர் அவ்வளவாகப் போடுவதில்லை. ரெண்டு கம்பளி போர்த்தினால் போதும், பழகிவிட்டது.

போனில் சொன்னேனே, பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் ஒரு பழைய கொலைக் கேஸையே நினைத்துக்கொண்டிருப்பவர். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்கு அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

எங்களுக்கு மூன்றாவது தெரு, வுல்வர்ட்டன் தெரு 29ஆம் எண் வீடு. வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ், வயது 52, வீடு வீடாக இன்ஷூரன்ஸ் பணம் வசூலிப்பவர். இளவயதில் கல்கத்தாவிலும் ஷாங்காயிலும் வேலை பார்த்து, உடம்பு கெட்டு ஊர் திரும்பியவர். 1931 ஜனவரி 19 இரவு அவருடைய செஸ் கிளப்புக்கு ஒரு போன். குவால்ட்ரோ என்று பெயர் சொன்னவன், நாளை இரவு 7.30க்கு மென்லவ் கார்டன்ஸ் ஈஸ்ட் 25க்கு வாலஸை வரச்சொன்னான். மறுநாள் போய்த் தேடினால் நார்த், சவுத், வெஸ்ட் எல்லாம் உண்டு, ஈஸ்ட் என்று தெருவே இல்லை. திரும்பி வந்து முன்கதவைத் தட்டினார், பின்கதவைத் தட்டினார், பதில் இல்லை. உள்ளே போனால் மனைவி ஜூலியா முன்னறையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார்.

போன் வந்தது வாலஸ் வீட்டிலிருந்து நானூறு கஜத்தில் இருந்த பொது போன் கூண்டிலிருந்து. அவரே பேசினார் என்றது போலீஸ். போனை எடுத்தவரோ வாலஸைப் பல வருஷம் பழகியவர்; அவர் குரல் இல்லை என்று சாட்சி சொன்னார். பால் ஊற்ற வந்த 14 வயதுப் பையன் ஜூலியாவை உயிரோடு பார்த்தது 6.30 என்று கோர்ட்டில் சொன்னான்; 6.45 என்று தங்களிடம் சொன்னதாக அவனோடு இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். 7.06க்கு வாலஸ் தூரத்து டிராம் நிறுத்தத்தில் இருந்தார். அதற்கு 6.49க்காவது கிளம்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் சொன்னது சரியென்றால் மிச்சம் நாலு நிமிடம். பெரியவர் என்னை அந்தச் சந்தில் நிற்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். மூக்கு மரத்துப்போச்சு. பதினொரு அடி அடித்து, ரத்தம் கழுவி, ஆயுதத்தை ஒளித்து, நாலு நிமிடத்தில் எப்படியப்பா? வாலஸ் போட்டிருந்த துணியில் ரத்தமே இல்லை.

ஜூரி ஒரு மணி நேரத்தில் வாலஸ் குற்றவாளி என்று சொல்லிவிட்டது; தண்டனை தூக்கு. கோர்ட்டில் அவர் அழவில்லை, அதுவே சந்தேகமாகிவிட்டது. சாட்சியம் போதாது என்று மே மாதம் மேல்கோர்ட் விடுதலை செய்தது. ஆனால் தெருவில் யாரும் முகம் கொடுக்கவில்லை. ரெண்டு வருஷத்துக்குள் செத்துப்போனார்.

ரிச்சர்ட் கோர்டன் பாரி என்ற இளைஞன்தான் கொன்றான் என்கிறார் பெரியவர். அதே கம்பெனியில் இருந்தவன், வீடு தெரிந்தவன், போன் வந்த நேரத்துக்கு அவன் சொன்ன கணக்கு ஒத்துவரவில்லை. அவனுடைய காரைக் கழுவியபோது ரத்தக் கையுறையைப் பார்த்தேன் என்று ஒரு கராஜ் தொழிலாளி சொன்னது 1981இல் ரேடியோவில் வந்தது. பாரி 1980இலேயே செத்தாச்சு. கொலை நேரத்துக்கு அவனுக்கும் சாட்சி இருந்தது. குறுக்கு விசாரணை இல்லாத சாட்சியம் அரைச் சாட்சியம் என்பீர்களே, அதைத்தான் பெரியவரிடம் சொன்னேன்.

அந்தக் கதவு தட்டிய இடம் மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் நான் தட்டுவதே இல்லை. சாவி என் கையில்தான். அம்மா தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டு மூணு வருஷமாச்சு.

அப்பா, கொத்தனார் மகனை விட்டுவிடுங்கள். வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினான், புது போன் வைத்திருக்கிறான், கேட்டதற்குத் தலைகுனிந்து நின்றான், இவ்வளவுதானே எழுதியிருக்கிறீர்கள்? இதில் எது சாட்சியம்? சித்தப்பாவை ஸ்டேஷனுக்குப் போகவிடாதீர்கள். அந்தப் பையனுக்கு அப்புறம் நம் தெருவில் யார் வேலை கொடுப்பார்கள்?

நாம் திருச்செந்தூருக்குப் போன அந்த வருஷம் அத்தை செயினைப் புளிப்பானைக்குள் ஒளித்துவிட்டு நாலு நாள் தேடினோமே. பொங்கலுக்கு முன்னால் வளையலை எங்கே வைத்தார்கள் என்று முதலில் அத்தையையே கேளுங்கள். பானையையும் அம்மா ஒருதரம் கவிழ்த்துப் பார்க்கட்டும்.

சின்னவன் ஃபீஸில் பாதி அனுப்பியிருக்கிறேன். ஷிஃப்ட் கொஞ்சம் மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. மீதி 10ஆம் தேதிக்குள் வரும்.

உங்கள் அன்பு மகன்