மஞ்சள் படிந்த விரல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மகளுக்கு,

இங்கு யாவரும் நலம். நாடுவதும் உன் நலமே.

அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து நீ அனுப்பிய படத்தை, அம்மா மயூரபதி அம்மன் கோவிலுக்குப் போயிருந்த வேளையில், தனியே இருந்து பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிறிய மணற்கல்லில் பாதி புதைந்தபடி, கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று கிடக்கிறது. அதன் வெடிப்புகளில், அரைத்த மஞ்சளைத் தடவி உலரவிட்டது போலப் பொடி படிந்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டும் உன் விரலிலும் முதற் கணுவரை அதே மஞ்சள். கையுறையைக் காணவில்லை.

அது கார்னோட்டைட் என்ற யுரேனியக் கனிமம் என்பதை, 34 ஆண்டுகள் இரசாயனம் படிப்பித்த எனக்கு நீ எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் அடித்துவந்து புதைத்த மரங்களை நோக்கி, ஒட்சிசன் நிறைந்த நிலத்தடி நீரில் கரைந்து வந்த யுரேனியம், அந்த மரங்களால் இரசாயன முறையில் தாழ்த்தப்பட்டு, மேலும் கரைந்திருக்க இயலாமல் அங்கேயே படிந்து, பிற்காலத்தில் காற்றும் நீரும் பட்டு வனேடியம் என்ற உலோகத்தோடு சேர்ந்து மஞ்சளானது என்று நீ சொன்ன விளக்கத்தை, மாலையில் வரும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஒரே ஒரு மரத்தைச் சுற்றி மட்டும் கனிமம் செறிந்திருக்கும், பத்தடி தள்ளித் தோண்டினால் வெறும் கல்லாக இருக்கும் என்றபோது அவர்கள் வியந்தார்கள். 1904இல் தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டறிந்த ஆனந்த குமாரசுவாமி பிறந்த இந்தக் கொழும்பில்தான் என் மகளும் பிறந்தாள் என்று அவர்களிடம் பெருமையோடு சொன்னேன்.

ஆனால் அதே படத்தில் உனக்குப் பின்னால் ஒரு பழைய சுரங்க வாய் தெரிகிறது. அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குள் போகாதே. யுரேனியம் தேய்வதால் உருவாகும் ரேடன் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமற்ற குகையில் அது தேங்கி நிற்கும். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி தேய்ந்துபோகும் காலம், 3.8 நாட்கள்தான் என்று ஆறுதல் கொள்ள முடியாது, ஏனெனில் அது தேய்ந்து பிறக்கும் பொலோனியம் தூசியில் ஒட்டி நுரையீரலுக்குள் போய் அல்பாக் கதிர்களை அங்கேயே வெளியிடும். அந்த மேட்டுநிலத்தில் யுரேனியம் தோண்டிய நவஹோ பழங்குடி மக்கள் எத்தனை பேர் நுரையீரற் புற்றுநோயால் மாண்டார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. அவர்களைப் போன்றோருக்கு நட்டஈடு வழங்கும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது 1990இல்தான். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிறிய இடம், ஆய்வு மட்டும்தான், சுரங்கம் தொடங்கவில்லை என்று நீ சொல்வாய். கல்லைத் தட்டினால் தூசி எழத்தான் செய்யும். நனைத்துவிட்டுத் தட்டு. முகக்கவசம் போடு. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் ஒரு பிஸ்கட்கூடத் தின்னாதே. அந்தக் குகைக்குள் போகாதே.

இத்தனை அறிந்தவன் முன்பு என்ன செய்தேன் என்பதையும் நீ அறிய வேண்டும். சித்தப்பாவைப் பென்சிற்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பிவைத்தவன் நான்தான். புதுவருட விடுமுறைக்கு வந்தவன் இரவு முழுவதும் இருமினான். அடுத்த அறையில் விழித்துக் கிடந்த நான், விடிந்ததும் அவனுடைய கைக்குட்டையில் கறுப்பைக் கண்டேன். கண்டும், "இந்த வருடம் மட்டும் பொறுத்துக்கொள்" என்று சொல்லி, கோட்டை நிலையத்தில் றெயில் ஏற்றிவிட்டேன். உன் ரியூசனுக்கு நான் கட்டிய காசு அவன் அனுப்பியது. அவனுக்கு ஆஸ்துமா என்று உன்னிடம் சொல்லிவைத்தோம். அவன் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

செவ்வாய் இரவு நீ பேசிக்கொண்டிருந்தபோது, வசனத்தை இடையில் நிறுத்திவிட்டுப் போனைத் தள்ளிப் பிடித்தாய். அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எத்தனை நாளாக இருமுகிறாய், மகள்?

அன்புடன்,
அப்பா