விற்காத சரக்கு யார் கோடவுனில்? – சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம். நம் வீட்டு மின்சாதன விற்பனையாளர், பழுதுபார்ப்போர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. மின் பாதுகாப்பு முகாம் இரண்டு அரசுப் பள்ளிகளில் நடந்தது. எர்த் இல்லாத இணைப்பில் வாட்டர் ஹீட்டர் மாட்டக் கூடாது என்று நாம் அடித்த துண்டறிக்கை இப்போது பல கடைகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நம்மோடு இருந்த மூத்த மோட்டார் வைண்டிங் மெக்கானிக் ஒருவரை இந்த ஆண்டு இழந்தோம். அவரிடம் தொழில் கற்ற பலர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர் நினைவாக இப்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

நன்றி. இனி, இந்த ஆண்டு நாம் அதிக நேரம் செலவிட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள். வியாபாரம் படுத்துவிட்ட காலங்களில் பெரிய கம்பெனிகள் எப்படிப் பிழைத்தன, அப்போது கடைக்காரர்களை எப்படி நடத்தின என்பதுதான் கேள்வி. அதற்காகவே மாதாந்திரக் கூட்டத்தின் கடைசி ஒரு மணி நேரத்தை ஒதுக்கினோம். பல கம்பெனிகளைத் தொட்டுச் செல்வதை விட ஒன்றை முழுதாகப் படிப்போம் என்று முடிவாகி, ஜப்பானின் மட்சுஷிதா எலக்ட்ரிக்கை எடுத்துக்கொண்டோம். இன்றைய பானசோனிக் அதுதான். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தோளில் சுமந்து வந்த நேஷனல் பானசோனிக் டேப்ரிக்கார்டரை நம்மில் பலர் பிரித்துப் பூட்டியிருக்கிறோம். நிப்போ பேட்டரி இந்தக் கம்பெனியின் தொழில்நுட்பக் கூட்டில் வந்தது. 1980களின் இறுதியில் சென்னையில் இந்தோ மட்சுஷிதா என்ற கூட்டு நிறுவனம் உருவாகி, ரைஸ் குக்கரும் மிக்சியும் செய்து தந்தது. ஆகவே முற்றிலும் அந்நியமான கதை இல்லை.

இந்தக் கம்பெனியை நிறுவிய கோனோசுகே மட்சுஷிதா பிறந்தது 1894. குடும்பம் நொடித்துப்போனதால் ஒன்பது வயதிலேயே ஒசாகாவில் கடைப் பையனாக வேலைக்குப் போனார். முதலில் கரியடுப்புக் கடை, பிறகு சைக்கிள் கடை, அப்புறம் ஒசாகா மின்விளக்குக் கம்பெனியில் வயரிங் வேலை. 1918இல் மனைவி முமெனோவோடும் மனைவியின் தம்பி தோஷியோ இயூவோடும் சேர்ந்து சொந்தப் பட்டறை போட்டார். பிளக், இருவழி சாக்கெட் போன்ற சின்னச் சாமான்கள்தான் செய்தார்கள். இந்த இயூதான் பின்னாளில் சான்யோ கம்பெனியைத் தொடங்கியவர்.

1923இல் பேட்டரியில் எரியும் சைக்கிள் விளக்கைச் செய்தார். அதுவரை சந்தையில் இருந்த பேட்டரி விளக்குகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடும். இவருடையது முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஆனால் ஏற்கெனவே கை சுட்டுக்கொண்ட மொத்த வியாபாரிகள் யாரும் வாங்கவில்லை. அவர் ஒசாகாவின் சைக்கிள் கடைகளுக்கு ஆள் அனுப்பி, கடைக்கு இரண்டு மூன்று விளக்குகளைக் காசு வாங்காமல் வைத்தார். அதில் ஒன்றை அங்கேயே எரியவிட்டார். சொன்ன நேரம் எரிந்தால், விற்றால், பிறகு பணம் தாருங்கள் என்றார். சரக்கு போகாவிட்டால் நஷ்டம் முழுக்கத் தயாரித்தவருக்குத்தான். இந்த இடத்தை உறுப்பினர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் இரண்டு மந்தநிலைகளையும் அளக்க இதுதான் நமக்குக் கோல்.

முதல் மந்தநிலைக்கு வருவோம். 1927இல் இஸ்திரிப் பெட்டி சந்தைக்கு வந்தது. மற்றவை நான்கு, ஐந்து யென் விற்றபோது இவருடையது 3 யென் 20 சென் (நூறு சென் ஒரு யென்). கம்பெனி வளர்ந்தது. சுமிடோமோ வங்கியில் 1,50,000 யென் கடன் வாங்கி 1929இல் புதிய தலைமை அலுவலகமும் தொழிற்சாலையும் கட்டினார். அந்த ஜூலையில் பதவிக்கு வந்த ஜப்பான் பிரதமர் ஹமாகுச்சியின் அரசு, யென்னைப் பழையபடி தங்கத்தோடு பிணைப்பதற்காகக் கடும் சிக்கன நடவடிக்கையில் இறங்கியது. விலை சரிந்தது, வாங்குவோர் கையை மடக்கிக்கொண்டார்கள். அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. டிசம்பர் வந்தபோது மட்சுஷிதாவின் விற்பனை பாதிக்கும் கீழே போய்விட்டது. கோடவுனில் சரக்கு வைக்க இடமில்லை. கட்டடக் கடனோ புத்தம் புதிது.

மட்சுஷிதா அப்போது உடல்நலம் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். இயூவும் இன்னொரு நிர்வாகியும் வந்து, ஆட்களில் பாதிப் பேரை நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்றார்கள். அவர் சொன்ன முடிவு இது. உற்பத்தியை இன்றே பாதியாக்குங்கள். ஒருவரைக்கூட நிறுத்தாதீர்கள். ஆலை அரை நாள் ஓடட்டும், கூலி முழு நாளுக்கும் கொடுங்கள். அதற்குப் பதிலாக எல்லோரும் விடுமுறையை விட்டுக்கொடுத்து, தேங்கிய சரக்கை விற்க வேண்டும். அப்படியே செய்தார்கள். விற்பனை வேலையே தெரியாதவர்கள்கூட விளக்கையும் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 1930 பிப்ரவரியில் கோடவுன் காலியானது, ஆலை மறுபடி முழு நேரம் ஓடியது.

இந்தக் கதையை முதலாளியின் தாராள மனசு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நம் கூட்டத்தில் பேசிய மூத்த உறுப்பினர் ஒருவர் அதை வேறு மாதிரிப் பார்த்தார், நானும் அவர் பக்கம்தான். விற்பனை விழுந்த உடனே உற்பத்தியை நிறுத்தியதுதான் முதல் காரியம். இன்னும் செய்து, இன்னும் கடைகளில் இறக்கி, பில் போட்டுக் கணக்கை அழகாக்கவில்லை. இரண்டாவது, சரக்கு தேங்கிய சுமையைத் தன் கோடவுனிலேயே, தன் சம்பளச் செலவிலேயே தாங்கினார். அவர் கையிலிருந்த சாமான்கள் விலை குறைந்தவை, வீட்டுக்கு வீடு தேவைப்பட்டவை என்பதும் உதவியது. நெருக்கடி இரண்டு மாதத்தில் தளர்ந்ததும் உதவியது. இரண்டு வருடம் நீடித்திருந்தால் அதே முடிவு தாங்கியிருக்குமா என்று உறுப்பினர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஏனென்றால் பின்னால் தாங்காத காலமும் வந்தது. போருக்குப் பின் பணப்புழக்கத்தை இறுக்கிய ஆண்டுகளில், 1950இல், அவரே ஆட்களை அனுப்ப வேண்டியதாயிற்று. 2001இல் உலகளாவிய சரிவின்போது சுமார் 13,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அந்த நிதியாண்டில் கம்பெனியின் நஷ்டம் சுமார் 43,000 கோடி யென். ஆகவே 1929இன் கதையை அந்தக் கம்பெனியின் நிரந்தர குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடையில் ரேடியோ கதை ஒன்று. மெக்கானிக் உறுப்பினர்கள் அதை மறுபடி சொல்லச் சொன்னார்கள். 1930இல் வேறொரு தயாரிப்பாளரோடு சேர்ந்து மட்சுஷிதா ரேடியோ விற்றபோது செட்டுகள் குவியலாகத் திரும்பி வந்தன. ஒரு வால்வு தளர்ந்தாலோ ஒரு திருகு ஆடினாலோ அதைச் சரிசெய்யும் பயிற்சி அந்தக் கடைகளில் இல்லை. ரேடியோ தெரிந்த கடைகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார் கூட்டாளி. மட்சுஷிதா மறுத்தார். சாதாரணக் கடைக்காரர் விற்கக்கூடிய, எளிதில் கெடாத ரேடியோவைச் செய்வது நம் வேலை என்று பிரிந்து வந்து, தன் பொறியாளர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் செய்த மூன்று வால்வு செட் 1931இல் ஒலிபரப்பு நிலையம் நடத்திய போட்டியில் முதல் பரிசு பெற்றது. பழுதைக் கடையின் தலையில் கட்டாமல் வடிவமைப்பில் தேடியதைக் கேட்டபோது, சர்வீஸ் பெஞ்சில் தினமும் உட்காருகிறவர்கள் கைதட்டினார்கள்.

நம்மை அதிகம் பேச வைத்தது 1964. ஜப்பானில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கறுப்பு வெள்ளை டிவி மூன்றும் வேகமாக வீடுகளை நிறைத்துவிட்டன. புதிதாக வாங்க ஆள் குறைந்தது. அரசு பணத்தை இறுக்கியது. ஆனால் ஆலைகள் ஓடிக்கொண்டே இருந்தன, டார்கெட்டும் குறையவில்லை. சரக்கு எங்கே போனது? மட்சுஷிதாவிடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் விற்பனைக் கம்பெனிகளின் கோடவுனுக்கு. மட்சுஷிதாவின் புத்தகத்தில் அது விற்றதாகவே பதிவானது. விற்பனையாளர்கள் கையில் பணம் கொடுக்காமல், பிறகு தருவதாக நீண்ட தவணை உறுதிப் பத்திரம் கொடுத்தார்கள், பிறகு விலையை உடைத்துப் பக்கத்து வட்டாரத்துக்காரரின் வியாபாரத்தில் கை வைத்தார்கள். 1929இல் ஆலையின் கோடவுனில் தேங்கியது 1964இல் வியாபாரியின் கோடவுனில் தேங்கியது.

ஜூலை 9 முதல் 11 வரை அதாமி என்ற ஊரில் உள்ள ஓட்டலில் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 170 விற்பனைக் கம்பெனித் தலைவர்களை மட்சுஷிதா கூட்டினார். அவர் அப்போது அன்றாட நிர்வாகத்தை விட்டு விலகிய சேர்மன். லாபத்தில் இருந்தவை இருபதுக்குச் சற்று மேல்தான். மற்றவர்கள் எழுந்து கொட்டித் தீர்த்தார்கள். முதலில் அவரும் விடவில்லை. நீங்களும் சரியாக உழைத்தீர்களா, எங்களையே சார்ந்திருந்துவிட்டீர்களா என்று திருப்பிக் கேட்டார். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் பேச்சை நிறுத்தி, யோசித்துப் பார்த்தால் குறை எங்களிடம்தான் என்றார். தொடக்க காலத்தில் அவருடைய பல்பு முதல் தரம் இல்லாதபோதும், நம்பி முதல் தர விலைக்கு வாங்கி விற்றுக் கொடுத்தவர்கள் இந்த வியாபாரிகள்தான் என்பதை நினைவுகூர்ந்து கண்கலங்கினார்.

கண்ணீரை விட அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியம். அடுத்த மாதமே, 69 வயதில், விற்பனைப் பிரிவின் பொறுப்புத் தலைவராக அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். விற்பனைக் கம்பெனிகளுக்கு வட்டாரம் பிரித்தார், அவை ஆலைப் பிரிவுகளோடு நேரடியாகக் கணக்கு வைக்கும் முறையைக் கொண்டுவந்தார், தவணை வியாபாரத்தைச் சீரமைத்தார். கம்பெனியின் லாபம் தற்காலிகமாகக் குறையும் என்று தெரிந்தே 1965 பிப்ரவரியில் புது முறை அமலுக்கு வந்தது. பொருளாதாரம் மேலும் சரிந்து, அந்த மே மாதம் யமாய்ச்சி என்ற பெரிய பங்குத் தரகு நிறுவனத்தையே அரசு காப்பாற்ற வேண்டியிருந்த ஆண்டு அது.

இதை நாம் ஏன் இவ்வளவு நேரம் பேசினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் கடைசி வாரத்தில் நம் கடைகளில் என்ன நடக்கிறது? ஸ்கீம் என்கிறார்கள், வெளிநாட்டுப் பயணம் என்கிறார்கள், டார்கெட் முடிந்தால்தான் கிரெடிட் நோட் (நமக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கில் கழிக்கும் சீட்டு) என்கிறார்கள். போன கோடைக்காகக் கேட்காத ஏர்கூலரை இறக்கி, மழை வந்ததும் வாங்கிய விலைக்குக் கீழே விற்ற உறுப்பினர்கள் இங்கே இருக்கிறார்கள். வட்டி அவர்கள் கட்டியது. நம்மிடம் ஒன்றாகக் கேட்கும் வழக்கம் இல்லாததால் ஒவ்வொருவரும் தனித்தனியே தலையாட்டுகிறோம். அதாமியில் வியாபாரிகள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பேச்சாகப் பேசினார்கள். அதனால்தான் பேச்சு மூன்றாம் நாள்வரை நின்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனவே நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. ஆர்டர் கொடுக்காமல் வந்த சரக்கை உறுப்பினர்கள் இறக்கக் கூடாது. சீசன் சாமான்களில் விற்காததில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை மாவட்ட டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேட்க வேண்டும். அடிக்கடி திரும்பி வரும் பழுதுகளை மெக்கானிக்குகள் மாடல் வாரியாகக் குறித்துத் தந்தால், அதையும் அதே கடிதத்தோடு இணைப்போம். கடை வேலைக்காரர்களை மந்தமான மாதங்களில் நிறுத்தாமல், அந்த நேரத்தில் சர்வீஸ் பயிற்சி கொடுக்கும் திட்டத்துக்கும் ஒப்புதல் கேட்கிறோம். பயிற்சிக்கு சங்கக் கட்டடத்தின் மாடி அறை தயாராக இருக்கிறது.

விவாதத்துக்கு ஆதாரம் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் கடைக்கு வந்த சரக்கு எவ்வளவு, அதில் இன்னும் கோடவுனில் இருப்பது எவ்வளவு என்று நுழைவாயிலில் கொடுத்த தாளில் எழுதி, மதிய உணவுக்கு முன் இணைச் செயலாளரிடம் தாருங்கள். கடைப் பெயர் எழுத வேண்டியதில்லை.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்